முடி சொல்லும் வரலாறு

நுழையும்முன்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், தமிழக எல்லையை அடுத்துள்ள ஊர்களுள் ஒன்று நல்லேப்பிள்ளி. அங்கிருந்து சித்தூருக்கோ கொழிஞ்சாம்பாறைக்கோ செல்லும் வழியில் ஓர் அழகு நிலையத்தையாவது நீங்கள் கடந்திருப்பீர்கள். உள்ளே தலைக்குச் சாயம் இடுபவரும் இருப்பார். சாயத்தைக் கிண்ணத்தில் குழைத்துத் தூரிகையால் பூசுவதுதானே அவர் வேலை, அதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அத்தொழிலில் தேர்ந்தவர் எவற்றையெல்லாம் அறிந்திருக்கிறார், அவற்றை எவ்வாறு கற்றார் என்பதை இப்பாடம் கூறுகிறது.

நரையும் நிறமும்

நரை மனிதரைப் பழங்காலத்திலேயே சிந்திக்க வைத்திருக்கிறது. புறநானூற்றின் 191ஆம் பாடலைப் பாடியவர் பிசிராந்தையார். ஆண்டுகள் பல கடந்தும் உமக்கு நரை இல்லையே, அஃது எவ்வாறு என்று கேட்டவர்க்கு அவர் அப்பாடலில் விடை கூறுகிறார். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர், ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர், அரசன் தீயன செய்யாது காப்பவன், தம் ஊரிலோ பண்பில் நிறைந்த சான்றோர் பலர் வாழ்கின்றனர். ஆதலால் தமக்கு நரை இல்லை என்கிறார் புலவர். இந்த ஐந்தும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற வீடுகள் இன்று எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்! எஞ்சியோர் சாயத்தை நாடுவதில் வியப்பில்லை.

நம் முன்னோர் இலைகளைக் கொண்டே தலைக்கு நிறம் ஊட்டினர். நீங்கள் மலையாளத்தில் ‘மைலாஞ்சி’ என்று கேட்டறிந்த செடியே தமிழில் மருதாணி. ‘நீலயமரி’ என்பது அவுரி. ‘கய்யோன்னி’ என்பது கரிசலாங்கண்ணி. மருதாணி இலையில் உள்ள ‘லாசோன்’ என்னும் நிறப்பொருள் முடியின் புரதத்தோடு பிணைந்து செம்மஞ்சள் நிறம் தரும். அதன்மீது அவுரியை இட்டால் செம்மை மறைந்து கருமை தோன்றும். அவுரியிலிருந்து எடுக்கப்படும் நீலச்சாயம் துணிக்கும் உரியது. தமிழ்நாட்டில் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அவுரியைத் தொட்டியில் ஊறவைத்து நீலம் எடுக்கும் தொழில் இன்றும் நடைபெறுகிறது.

இலைகளின் இடத்தை வேதிப்பொருள்கள் பிடித்தது ஐரோப்பாவில். 1856இல் வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது மாணவர் மலேரியாவுக்கு மருந்தாகிய குயினைனை ஆய்வகத்தில் உருவாக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, அழகிய ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது. அவருடைய ஆசிரியர் ஹாஃப்மன் 1863இல் ‘பாரா ஃபெனிலீன் டைஅமீன்’ என்னும் சேர்மம் ஆக்சிசனோடு வினைபுரியும்போது பழுப்பு நிறமாக மாறுவதைக் குறித்தார். பின்னர் 1907இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் யூஜின் ஷுவெல்லர் தலைமுடிக்கான செயற்கைச் சாயம் ஒன்றைத் தயாரித்துப் பாரிசு நகரத்து முடிதிருத்துநர்களிடம் விற்றார். 1909இல் அவர் தொடங்கிய நிறுவனமே பிற்காலத்தில் ‘லோரியால்’ என்று பெயர் பெற்றது. அழகு நிலையங்களில் இன்று பயன்படும் நிலையான சாயங்கள் பெரும்பாலும் இவ்வழியில் வந்தவையே.

ஒரு தலையில் மூன்று காலம்

இனித் தொழிலுக்குள் நுழைவோம். சாயமிடுவதில் தேர்ந்தவரைக் கடைகளில் ‘கலரிஸ்ட்’ என்பர். நாம் சாயக் கலைஞர் என்போம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். இடுப்பளவு கூந்தல் உடைய பெண்மணி ஒருவர் கடைக்கு வருகிறார். வீட்டில் திருமணம், ஆறு நாள்களே உள்ளன. கருங்கூந்தலைப் பழுப்பு நிறமாக்க வேண்டும் என்கிறார். தொழிலுக்குப் புதியவர் உடனே அட்டைப் புத்தகத்தைக் காட்டி, எந்தப் பழுப்பு என்று கேட்பார். தேர்ந்தவரோ அட்டைப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. அம்மையாரை வாயிலருகே பகல் வெளிச்சத்தில் அமரச் செய்து, பின்னலை அவிழ்த்து, வேரிலிருந்து நுனிவரை விரல்களால் தடவிப் பார்க்கிறார். மின்விளக்கின் ஒளி நிறத்தை மாற்றிக் காட்டும். ஆகவே வாயிலருகே அமரச் செய்தார்.

அவர் எதனைத் தேடுகிறார்? முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்தக் கூந்தல் 60 சென்டிமீட்டர் நீளம் இருப்பின், அதன் நுனி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன் தோலுக்கு வெளியே வந்தது. ஐந்தாண்டு வெயில், ஐந்தாண்டு எண்ணெய், ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர், இடையில் பூசிய சாயங்கள் ஆகிய அனைத்தையும் அந்த நுனி தாங்கியிருக்கிறது. வேரருகே உள்ள மூன்று சென்டிமீட்டரோ மூன்று மாதக் குழந்தை.

“அம்மா, இதற்கு முன் தலைக்கு என்னென்ன பூசியிருக்கிறீர்கள்?” என்று கலைஞர் வினவுகிறார்.

“ஒன்றும் பூசவில்லையே! எப்போதாவது மருதாணி போடுவேன்.”

“கடையில் வாங்கிய பொட்டலமா, வீட்டில் அரைத்த இலையா?”

“முன்பெல்லாம் அரைத்த இலைதான். இப்போது இரண்டு ஆண்டாகப் பொட்டலம். கறுப்பாகப் பிடிக்கும்.”

இவ்விடைகளில்தான் கலைஞருக்கு வேண்டிய செய்தி முழுவதும் உள்ளது. அரைத்த மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. அது செம்மஞ்சளே தரும். கறுப்பாகப் பிடித்தது எனில் அப்பொட்டலத்தில் வேறு சாயம் கலந்திருக்கிறது. ஆகவே இந்த ஒரு கூந்தலில் மூன்று பகுதிகள் உள்ளன: வேரருகே நரையும் கருமையும் கலந்த புதுமுடி, நடுவே சாயம் ஏறிய கருமுடி, நுனியில் மருதாணி ஊறிய, வெயிலில் காய்ந்த பழைய முடி. மூன்று வேறு துணிகளை ஒன்றாகத் தைத்தது போன்றது அது. மூன்றுக்கும் ஒரே கிண்ணத்துச் சாயத்தைப் பூசினால் என்ன ஆகும்? தலையின் வெப்பத்தால் வேரருகே சாயம் விரைந்து வேலை செய்து பளிச்சென்ற பழுப்பாகும். நடுப்பகுதி கறுப்பாகவே நிற்கும். நுனி என்ன நிறம் காட்டும் என்று முன்கூட்டியே கூறவும் இயலாது. திருமணக் கூடத்தில் பட்டைப் பட்டையாய் ஒளிரும் கூந்தலோடு அம்மையார் நிற்க நேரும்.

நடுப்பகுதி ஏன் மாறாது? முன்பு ஏறிய சாயத்தைப் புதுச்சாயத்தால் வெளிறச் செய்ய முடியாது என்பது இத்தொழிலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கரும்பலகையின்மேல் பழுப்புச் சுண்ணக்கட்டியால் மெல்லத் தேய்த்தால் பலகை பழுப்பாகிவிடுமா? முதலில் பழைய சாயத்தை நீக்க வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். முடிக்கும் அதைத் தாங்கும் வலிமை வேண்டும்.

முடியின் உள்ளே

ஒவ்வொரு முடிக்கும் வெளிப்புறத்தில் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறை உண்டு. அதனுள் உள்ள பகுதியைப் புறணி என்பர். நிறம் தரும் ‘மெலனின்’ நிறமி அங்குதான் உள்ளது. அம்மோனியா போன்ற காரப்பொருள் செதில்களை விரியச் செய்கிறது. நிறமற்ற மிகச் சிறிய சாய மூலக்கூறுகள் அவ்வழியே உள்ளே நுழைகின்றன. உடன் செல்லும் ஹைட்ரசன் பெராக்சைடு அவற்றோடு வினைபுரிய, அவை ஒன்றோடொன்று இணைந்து பெரிய நிற மூலக்கூறுகளாகின்றன. சிறியவையாய் நுழைந்தவை பெரியவையாய் மாறியதால் எளிதில் வெளியேற முடிவதில்லை. ஆகையால்தான் தலைக்குக் குளித்தாலும் அந்நிறம் நிற்கிறது.

பெராக்சைடு பாட்டில்களில் 10, 20, 30, 40 என்ற எண்களைக் காணலாம். ‘20 வால்யூம்’ என்றால், அக்கரைசல் ஒரு லிட்டர் 20 லிட்டர் ஆக்சிசன் வளியை வெளியிடும் என்பது பொருள். அதில் உள்ள பெராக்சைடு 6 விழுக்காடு. 10 வால்யூமில் 3, 30 வால்யூமில் 9, 40 வால்யூமில் 12 விழுக்காடு. நரையை மறைப்பதற்குப் பொதுவாக 20 வால்யூம் போதும். எண் கூடினால் வேலை விரைவாகும் என்று எண்ணி 40ஐ எடுப்பவர் முடியையும் தோலையும் புண்படுத்துகிறார். கலந்து மிஞ்சிய சாயத்தை மூடி வைப்பதும் தவறு. உள்ளே வளி தொடர்ந்து வெளியாவதால் பாட்டில் வெடிக்கக்கூடும்.

கருமுடியை வெளிறச் செய்யும்போது அது நேரே மஞ்சளாவதில்லை. கருமை முதலில் செம்பழுப்பாகும். பின்னர்ச் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், இறுதியில் வெளிர்மஞ்சள். வேண்டாத நிறம் தோன்றினால் அதற்கு எதிர்நிறத்தைச் சிறிதளவு சேர்த்துத் தணிப்பர். சிவப்புக்குப் பச்சை, செம்மஞ்சளுக்கு நீலம், மஞ்சளுக்கு ஊதா. ஓவிய வகுப்பில் நீங்கள் வரைந்த வண்ணச் சக்கரத்தில் இவை எதிரெதிரே நிற்பவை. உங்கள் வீட்டிலும் இவ்வித்தை நாள்தோறும் நடக்கிறது. மஞ்சள் ஏறிய வெள்ளை வேட்டியை அலசும் நீரில் உஜாலாவைச் சில சொட்டு விடுகிறார்கள் அல்லவா? திருச்சூரில் 1983இல் தொடங்கப்பட்ட ஜோதி லேபரட்டரீஸ் நிறுவனத்தின் அத்திரவம் ஊதா கலந்த நீலம். அந்த ஊதா மஞ்சளை அடக்கிவிடுவதால் துணி வெண்மையாகத் தோன்றுகிறது. சலவையில் அம்மா செய்வதைக் கூந்தலில் கலைஞர் செய்கிறார். எத்தனை சொட்டு என்பதில்தான் இருவர் திறமையும் உள்ளது.

சோதனைகள் மூன்று

மீண்டும் அந்த அம்மையாரிடம் வருவோம். கலைஞர் இன்னும் சாயத்தைக் கையில் எடுக்கவில்லை.

அவர் முதலில் ஒரு முடியை நனைத்து இரு விரல்களால் மெல்ல இழுக்கிறார். நலமான ஈரமுடி நன்கு நீண்டு மீண்டும் சுருங்கும். நீண்டது சுருங்காமல் தொங்கினாலோ, அறுந்தாலோ அம்முடி மேலும் வேதிப்பொருளைத் தாங்காது. அடுத்து, காதின் பின்புறம் மறைவாக உள்ள சிறு கற்றையில் மட்டும் சாயம் இட்டு நிறத்தைப் பார்க்கிறார். பொட்டல மருதாணி பூசிய தலைக்கு இது தவிர்க்கக் கூடாத சோதனை. சில பொட்டலங்களில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடியை உருக்குலைத்துவிடும். வெட்டி எடுத்த சிறு கற்றையில் அது நேர்ந்தால் இழப்பு சிறிது. முழுத் தலையில் நேர்ந்தால் ஈடு செய்ய இயலாது.

மூன்றாவது, தோல் சோதனை. பாரா ஃபெனிலீன் டைஅமீன் சிலருக்கு ஒவ்வாமை தரும். அரிப்பு, கொப்புளம், முகவீக்கம் வரையும் செல்லும். பத்து முறை பூசியபோது ஒன்றும் நேராதவருக்குப் பதினொன்றாம் முறை நேரலாம். ஆகவே முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ துளிச் சாயத்தைத் தடவி 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இத்தகைய சாயப் பெட்டிகளில் முன்சோதனை செய்ய வேண்டும் என்றும், புருவத்திலும் இமையிலும் பூசினால் பார்வை இழக்க நேரும் என்றும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். எச்சரிக்கையை அச்சிடுவோர் பலர், படிப்போர் சிலர், 48 மணி நேரம் காத்திருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார், அடுத்த கடையில் உடனே செய்கிறார்கள் என்பார். அந்நேரத்தில் அசையாமல் நிற்பவரையே நாம் தேர்ந்தவர் என்கிறோம்.

நம் கலைஞர் கூறிய விடை இது: “அம்மா, ஆறு நாளில் முழுக் கூந்தலையும் பழுப்பாக்க முயன்றால் நுனி பொடிந்துவிடும். இன்று தோல் சோதனை செய்கிறேன். நாளை மறுநாள் வாருங்கள். அரிப்பு ஒன்றும் இல்லையென்றால் வேரருகே உள்ள நரையை மட்டும் நடுப்பகுதியின் நிறத்தோடு பொருந்துமாறு மறைத்துவிடுவோம். காய்ந்த நுனியை நான்கு விரல் அளவு வெட்டலாம். பழுப்பு வேண்டுமென்றால் திருமணம் முடிந்த பின் மெல்ல மெல்லச் செய்வோம்.” அம்மையாருக்கு முதலில் ஏமாற்றந்தான். ஆயினும் தலை தம்முடையது அன்றோ! ஒப்புக்கொண்டார்.

திறமை வளரும் வகை

இத்தேர்ச்சி எங்கிருந்து வருகிறது? தொழில் கற்க வருபவர் முதலில் தலை அலசும் வேலையையே பெறுவார். இதனைச் சிலர் இழிவாக எண்ணி விரைவில் கடந்துவிட முயல்வர். நூற்றுக்கணக்கான ஈரத்தலைகளைத் தொட்ட விரல்களுக்கே நல்ல முடிக்கும் நைந்த முடிக்கும் உள்ள வேறுபாடு தெரியும். பிற்காலத்தில் அவ்விரல்களே கண்ணை முந்திக்கொண்டு செய்தி சொல்லும்.

அடுத்தது அளவை. கண்ணளவில் பிதுக்காமல் சாயத்தையும் பெராக்சைடையும் சிறு தராசில் நிறுத்துக் கலக்கப் பழக வேண்டும். நிறுத்திருந்தால்தான் நன்றாக வந்த நிறத்தை அடுத்த மாதமும் அவ்வாறே கொண்டுவர இயலும். தலையில் இடுவதற்கு முன் வெட்டிய முடிக்கற்றைகளில் பயில்வது நன்று. ஒரே கற்றையை நான்காகப் பிரித்து, பத்து, இருபது, முப்பது, நாற்பது நிமிடங்கள் எனச் சாயத்தை விட்டு அலசி, அட்டையில் ஒட்டி வைத்தால் அதுவே ஒரு பாடநூல்.

எல்லாவற்றினும் பயனுடையது குறிப்பேடு. வாடிக்கையாளரின் முடி நிலை, முன்பு பூசியவை, கலந்த அளவு, விட்ட நேரம் ஆகியவற்றோடு, வரப்போகும் நிறம் எது என்னும் தம் கணிப்பையும் முன்னரே எழுதிவிட வேண்டும். பின்னர் வந்த நிறத்தை அதன் எதிரே எழுத வேண்டும். இரண்டும் வேறுபட்டால் காரணம் தேட வேண்டும்: நீரா, வெப்பமா, சொல்லாமல் விட்ட பழைய சாயமா? நான்கு வாரம் கழித்து அந்நிறம் எவ்வாறு மங்கியிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதலாம். கணிப்பை எழுதாதவர்க்கு, வந்த நிறமே தாம் எதிர்பார்த்த நிறம் என்று தோன்றிவிடும். மனம் அவ்வளவு தந்திரமுடையது. பதினைந்து ஆண்டுகள் கடை நடத்தியும் கணிப்புத் திறன் வளராதவரை நாம் காண்பது இதனால்தான்.

முறையாகக் கற்க விரும்புவோர்க்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘காஸ்மெட்டாலஜி’ என்னும் ஓராண்டுப் பிரிவு உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் உலகத் திறன் போட்டியான ‘வேர்ல்டுஸ்கில்ஸ்’ பல தொழில்களுக்கு நடத்தப்படுகிறது. பற்றவைப்பு, மின்பணி ஆகியவற்றோடு முடியலங்காரமும் அதில் இடம்பெறுகிறது. 2024இல் அப்போட்டி பிரான்சின் லியோன் நகரில் நடந்தது.

தமிழகத்தில் முடிதிருத்தும் குடியினரை ‘மருத்துவர்’ என்னும் பெயராலும் அழைத்தனர். புண்ணுக்கு மருந்திடுவதும் அவர்கள் தொழிலாய் இருந்தது. அக்குடிப் பெண்கள் மகப்பேறு பார்த்தனர். தோலையும் முடியையும் அறிந்த கைகள் என்பதற்கு அப்பெயரே சான்று. அந்த அறிவை மதிக்காது அவர்களைத் தாழ்த்தி வைத்த சமூகத்தின் கதை தனியே படிக்கத்தக்கது.

சொல்லும் பொருளும்

கூந்தல் – பெண்களின் தலைமுடி
குஞ்சி – ஆண்களின் தலைமுடி
ஏவலர் – பணியாளர்
நைந்த – வலுவிழந்து சிதைந்த
விழுக்காடு – நூற்றில் இத்தனை பங்கு

பயிற்சி

1. ‘சாயம் வெளுத்தல்’ என்னும் மரபுத்தொடருக்கு ‘மறைத்து வைத்த உண்மை வெளிப்படுதல்’ என்று பொருள். அத்தொடரை அமைத்து இரண்டு வாக்கியங்கள் எழுதுக. மலையாளத்திலும் ‘சாயம்’ என்னும் சொல் உண்டு. அங்கு அது எப்பொருளில் வழங்குகிறது என்று கேட்டு எழுதுக.

2. ஒருவர் முடியின் நீளம் 36 சென்டிமீட்டர். மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சி எனக் கொண்டால் நுனியின் வயது என்ன? நடுப்பகுதியின் வயது என்ன?

3. “கறுப்பாகப் பிடிக்கும்” என்று அம்மையார் கூறியதிலிருந்து கலைஞர் எதனை உய்த்துணர்ந்தார்?

4. உங்கள் வீட்டிலோ அருகிலுள்ள கடையிலோ ஒரு சாயப் பெட்டியை வாங்கிப் பாருங்கள், திறக்க வேண்டா. அதில் உள்ள எச்சரிக்கை எந்தெந்த மொழிகளில் உள்ளது? அதனைத் தெளிவான தமிழில் மூன்று வாக்கியங்களில் எழுதி, வீட்டில் சாயம் பயன்படுத்துவோர்க்குப் படித்துக் காட்டுங்கள்.

5. உங்கள் ஊரில் ஒரு கைத்தொழிலில் தேர்ந்தவரைச் சந்தியுங்கள். வேலையைத் தொடங்குமுன் அவர் முதலில் எதைப் பார்க்கிறார், யாரிடம் என்ன கேட்கிறார் என்பவற்றைக் குறித்து வந்து வகுப்பில் கூறுங்கள்.